சரஸ்வதி காலடியில் ஆறு பெட்டிகள்

என் அப்பா என் சங்கீதத்தை வீட்டுச் சாமான்களின் பெயரால்தான் விமர்சிப்பார். கல்லூரியில் படிக்கும்போது முதல் எலெக்ட்ரிக் கிடாரை வாங்கி வந்து, கொல்கத்தா லேக் கார்டன்ஸ் வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கியபோது, "மிக்ஸில என்னடி அரைக்கறே இவ்வளவு நாழியா?" என்று கேட்டார். அப்புறம் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர் வந்தது. மிக்ஸி கிரைண்டராக உயர்ந்தது. வேலைக்குச் சேர்ந்து சத்தத்தைக் கரகரப்பாக்கும் முதல் டிஸ்டார்ஷன் பெடலை, காலால் அழுத்தும் ஒரு சின்னப் பெட்டி, வாங்கிய அன்று, "தெருவுல ரோடு ரோலர் வந்திருக்கு போலிருக்கே" என்றார். கிண்டல் என்று நினைத்தேன். அவர் நிஜமாகவே பால்கனிக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

ரோடு ரோலர் ஒரே ஒரு நாள்தான். கடைசியில் கிரைண்டரே நிலைத்தது. இருபது வருஷத்துக்கும் மேலாக, நான் வாசிக்க உட்கார்ந்து நாலைந்து நிமிஷம் ஆனால் போதும், அடுத்த அறையிலிருந்து அந்தக் குரல் வந்துவிடும். "போறும்டி, கிரைண்டரை நிறுத்து."

அப்பா வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தாத்தா கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் கணக்கெழுத இந்த ஊருக்கு வந்தவர். அப்பா பிறந்தது, படித்தது எல்லாம் கொல்கத்தாவில். மீன்காரனோடு சண்டை போடாத குறை தவிர மற்ற எல்லா விஷயத்திலும் அவர் பெங்காலிதான். சங்கீதத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார். தம்பூரா இல்லாமல் யார் எதை வாசித்தாலும் அவருக்கு அது இரைச்சல். அம்மா போனதிலிருந்து வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவருக்கு எழுபத்தெட்டு, எனக்கு நாற்பத்து மூன்று. பகலில் அலிப்பூரில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் நிலம் சம்பந்தமான கோப்புகளில் கையெழுத்துப் போடுகிறேன். சாயங்காலங்களில் ஒரு ஹெவி மெட்டல் குழுவில் கிடார் வாசிக்கிறேன். இதைச் சொன்னால் அலுவலகத்தில் யாரும் நம்புவதில்லை, அதனால் சொல்வதில்லை.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். நான் வாசிக்கும் ஒரு பாட்டை அப்பா முழுசாக உட்கார்ந்து கேட்க வேண்டும். கேட்டு முடித்தபின் எந்தச் சாமானின் பெயரையும் சொல்லக்கூடாது. அவருக்குப் பிடிக்க வேண்டும் என்றுகூட நான் ஆசைப்பட்டதில்லை.

என் வாசிப்பில் ஏதாவது குறை இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. குறை சத்தத்தில் இருக்கிறது என்று நினைத்தேன். கிடார்க்காரர்கள் எல்லோருக்கும் உள்ள வியாதிதான் இது. இன்னும் ஒரு பெட்டி வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சாகும்வரை நம்புவோம்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, தர்மதலாவில் வரிசையாக வாத்தியக் கடைகள் இருக்கும் தெருவுக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும் கடைக்காரர் என் புடவையைப் பார்த்தார், கைப்பையைப் பார்த்தார். "சேலேர் ஜொன்னே?" என்று கேட்டார். பையனுக்கா வாங்குகிறீர்கள் என்று அர்த்தம். எனக்குப் பையனும் இல்லை, அவன் அப்பாவும் இல்லை என்று சொல்ல வாயெடுத்து, அவருக்கு எதற்கு அந்த விவரம் என்று விட்டுவிட்டேன். "எனக்குத்தான். மெட்டல் வாசிக்கணும். ட்யூப் ஆம்ப் காட்டுங்க" என்றேன் வங்காளத்தில்.

அவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு குட்டிக் கிடார் மாதிரியான உக்குலேலே இருக்கும் அலமாரியைக் காட்டினார். பெண்கள் நிறைய வாங்குகிறார்களாம், எடை குறைவாம். நான் நகரவில்லை என்று தெரிந்ததும் பெருமூச்சோடு ஓர் ஆம்ப்பைச் சுவிட்ச் போட்டு, தானே கிடாரை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். கடைக்காரர்கள் எல்லோரும் ஒரே நாலு ஸ்வரத்தைத்தான் வாசித்துக் காட்டுவார்கள். அதைக் கண்ணை மூடிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, ஏதோ வலி வந்த மாதிரி வாசிப்பார்கள். இவரும் அப்படியே செய்தார். வாசித்து முடித்துக் கண்ணைத் திறந்து, "வார்ம்த் பாத்தீங்களா?" என்றார். கொல்கத்தாவின் மே மாதத்தில், மின்விசிறி ஓடாத கடையில், எனக்கு வார்ம்த் நன்றாகவே தெரிந்தது.

ட்யூப் ஆம்ப் என்பது பழைய வால்வு ரேடியோ மாதிரி. உள்ளே கண்ணாடிக் குழாய்கள் சிவந்து எரியும். சூடேறச் சில நிமிஷம் ஆகும், தூக்க இரண்டு ஆள் வேண்டும். டிரான்சிஸ்டர் ஆம்ப் பாதி எடை, எந்தத் தொந்தரவும் கிடையாது. இணையத்தில் இதைப் பற்றி இரவு பகலாகச் சண்டை போடும் ஆண்கள் இருக்கிறார்கள். ட்யூபின் சத்தத்தில் ஆத்மா இருக்கிறது, டிரான்சிஸ்டரில் இல்லை என்பது ஒரு கட்சி. இரண்டையும் கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்டால் உங்களுக்கு வித்தியாசம் தெரியாது என்பது இன்னொரு கட்சி. நான் ஆத்மா கட்சியில் சேர்ந்து ட்யூபை வாங்கினேன். அதன் முழு அழகும் வால்யூம் ஐந்துக்கு மேல்தான் வெளிவரும் என்று எல்லோரும் எழுதியிருந்தார்கள். எங்கள் கட்டடத்தில் ஒன்றுக்கு மேல் வைத்தால் மூன்றாம் மாடி மாமி, இந்த ஊர்ப் பேச்சில் மாஷிமா, காலிங் பெல்லை அழுத்துவாள். ஆக, ஆத்மா உள்ள ஓர் ஆம்ப்பை அதன் ஆத்மா எட்டிப் பார்க்காத வால்யூமில் மூன்று வருஷம் வாசித்தேன்.

ஆம்ப்போடு நின்றிருக்கலாம். ஆனால் ஆம்ப் மட்டும் போதாது என்று இணையத்து ஆண்கள் சொன்னார்கள். முதலில் ஒரு பச்சைப் பெட்டி, ஓவர் டிரைவ். அது சத்தத்தை முன்னால் தள்ளும். அடுத்து ஒரு கறுப்புப் பெட்டி, டிஸ்டார்ஷன். அது தள்ளிய சத்தத்தை அரைக்கும். அரைத்தது போதாதென்று என் பழைய டிஸ்டார்ஷன் பெட்டியையும் பக்கத்தில் வைத்தேன். அப்புறம் ஈக்வலைசர் என்று ஏழு நெம்புகோல் உள்ள ஒரு பெட்டி. சத்தத்தின் அடிப்பகுதியையும் மேல்பகுதியையும் ஏற்றி, நடுப்பகுதியை முழுக்க இறக்கிவிட்டால்தான் மெட்டல் மெட்டலாக இருக்கும் என்று படித்தேன். இறக்கினேன். அறையில் தனியாக உட்கார்ந்து கேட்டபோது கோயில் கதவு திறக்கிற மாதிரி இருந்தது. பெருமையில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இத்தனையும் சேர்ந்ததும் ஓர் இரைச்சல் வந்தது. நான் வாசிக்காதபோதும் "ஸ்ஸ்ர்ர்" என்று ஒரு சத்தம். மின்விசிறியின் ரெகுலேட்டரைத் திருப்பினால் அது கூடும், குறையும். எலெக்ட்ரிக் மிஸ்திரியை அழைத்துக் காட்டினேன். அவர் சுவரைத் தட்டிப் பார்த்து, இந்தக் கட்டடத்துக்கு எர்த்திங்கே கிடையாது, கட்டினவர் செத்துப்போய்விட்டார், யாரிடம் கேட்பது என்றார். எனவே நாய்ஸ் கேட் என்று ஐந்தாவதாக ஒரு பெட்டி வாங்கினேன். நாம் வாசிக்காதபோது அது கதவைச் சாத்திவிடும், இரைச்சல் வராது. வாசிக்கத் தொடங்கினால் திறக்கும். எது சங்கீதம், எது இரைச்சல் என்று ஓர் இயந்திரம் முடிவு செய்கிறதே என்று அப்போது எனக்கு அதன் மேல் பெரிய மரியாதை. சுருதி பார்க்கும் பெட்டியையும் சேர்த்து மொத்தம் ஆறு. எல்லாவற்றையும் ஒரு பலகையில் வரிசையாக ஒட்டி வைத்தேன்.

இந்தப் பெட்டிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தபோதுதான் அப்பாவின் காதுக்கும் ஒரு ஏற்பாடு செய்ய வேண்டி வந்தது. டிவியைப் பக்கத்துக் கட்டடத்துக்கும் சேர்த்து வைக்கத் தொடங்கியிருந்தார். பவானிபூரில் ஒரு காது கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். அங்கே இருந்த பெண் இரண்டு காதுகளிலும் சின்னதாக டிஜிட்டல் மெஷின்களை மாட்டினாள். மாட்டியதும் மேஜை மேல் இருந்த டேபிள் ஃபேனைப் போட்டாள். "மேஷோமொஷாய், சத்தம் கேக்குதா?" என்று மாமா முறை வைத்துக் கேட்டாள். அப்பா, "கேக்கறது" என்றார். இரண்டு விநாடி கழித்து, "நின்னுடுத்து" என்று தமிழில் என்னிடம் சொன்னார். ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே மாதிரி வரும் சத்தத்தை இந்த மெஷின் இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு அமுக்கிவிடும், பேச்சு மட்டும் தெளிவாகக் கேட்கும் என்று அந்தப் பெண் விளக்கினாள். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஃபோனில் நாய்ஸ் கேட் பற்றிய விமர்சனங்களைப் படித்துக்கொண்டிருந்தேன். தலையை மட்டும் ஆட்டினேன்.

மெஷின் வந்தபின் அப்பாவுக்குப் புதுப் பிறவி. சமையலறையில் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று படுக்கையிலிருந்தே கணக்குச் சொன்னார். மூன்றாம் மாடி மாஷிமா மருமகளைப் பற்றி ஃபோனில் சொல்வதெல்லாம் அவருக்கு அத்துப்படி ஆயிற்று. ஆனால் என் கிடாரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

முதல் நாள் நான் நம்பவில்லை. பத்து நிமிஷம் வாசித்தேன். அடுத்த அறையிலிருந்து குரல் வரவில்லை. அரைமணி வாசித்தேன், வரவில்லை. மெல்ல எழுந்து போய்ப் பார்த்தால் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சில நாள் என் அறை வாசலில் வந்து நிற்பார். என் விரல்களைப் பார்ப்பார், தரையில் இருக்கும் பெட்டிகளைப் பார்ப்பார், ஒரு மாதிரி தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். அந்தத் தலையாட்டலை நான் ரசனை என்று எடுத்துக்கொண்டேன். இருபது வருஷம் டிரான்சிஸ்டரால் முடியாததை ட்யூப் சாதித்துவிட்டது என்று இணையத்தில் ஒரு நீண்ட கட்டுரையே எழுதினேன். ஆத்மா கட்சியினர் ஐம்பது பேர் அதைப் பாராட்டினார்கள்.

என் குழுவினருக்கு மட்டும் திருப்தி இல்லை. குழு என்றால் என்னையும் சேர்த்து மூன்று பேர். டிரம்ஸ் வாசிப்பவர் என் அலுவலகத்திலேயே கிளார்க். அலுவலகத்தில் என்னை மேடம் என்பார், ஜாதவ்பூரில் நாங்கள் வாடகைக்கு எடுக்கும் பயிற்சி அறைக்கு வந்தால் திதி, அதாவது அக்கா, என்பார். பேஸ் கிடார் வாசிப்பவன் கோயம்புத்தூர்க்காரன். ஐடி கம்பெனியில் வேலை, பவானிபூரில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறான், அக்கா என்று கூப்பிடுவான். பயிற்சி முடிந்ததும் டிரம்ஸ்காரர் ஒவ்வொரு முறையும் ஒன்றே சொல்வார். "திதி, நீங்க வாசிக்கறது எனக்குத் தெரியுது. கேக்க மாட்டேங்குது." தாளக்காரர்களுக்கு அடுத்தவர் சத்தம் என்றைக்குக் கேட்டிருக்கிறது என்று விட்டுவிடுவேன்.

பேஸ்காரன் இன்னும் வெளிப்படையாகச் சொன்னான். "அக்கா, அந்த ஈக்வலைசர்ல நடுவால இருக்கறதைக் கொஞ்சம் ஏத்துங்கக்கா. அடி எல்லாம் என்ற பேஸ் எடுத்துக்குது, மேல எல்லாம் டிரம்ஸோட சிம்பல் எடுத்துக்குது. நீங்க இருக்க வேண்டிய எடமே நடுவுதானுங்க. அங்க நீங்க இல்லீங்களே."

"உனக்கு எத்தனை வயசு?" என்று கேட்டேன்.

"இருபத்தாறுங்கக்கா."

"நான் உன் வயசுல கிடார் வாசிச்சுண்டிருந்தேன்" என்றேன். இந்தப் பதிலுக்கும் அவன் சொன்னதற்கும் என்ன சம்பந்தம் என்று அவன் கேட்கவில்லை. நல்ல பிள்ளை.

இப்படி இருக்கும்போதுதான் எங்கள் பாடா கிளப்பிலிருந்து அழைப்பு வந்தது. பாடா என்றால் நாங்கள் குடியிருக்கும் பேட்டை. சரஸ்வதி பூஜையன்று சாயங்காலம் கிளப் பந்தலில் கலை நிகழ்ச்சி உண்டு. சின்னக் குழந்தைகள் கவிதை ஒப்பிக்கும், ஆர்மோனியம் வைத்துக்கொண்டு ஒரு பெண் பாடுவாள், நாலு பேர் நடனம் ஆடுவார்கள். எத்தனையோ வருஷமாக மனுப்போட்டும் எங்களுக்கு இடம் கிடைத்ததில்லை. இந்த முறை நாடகக்காரர்கள் சண்டை போட்டுக்கொண்டு பிரிந்துவிட்டதால் இருபது நிமிஷம் காலியாகிவிட்டது. கிளப் செக்ரட்டரி, ஓய்வு பெற்ற பள்ளிக்கூட டீச்சர், என்னை வழியில் நிறுத்தி, "உன் அப்பாவுக்காகத்தான்" என்றாள். அப்பா அந்தக் கிளப்பின் மூத்த உறுப்பினர். முன்வரிசையில் அவருக்கென்று ஒரு நாற்காலி எப்போதும் போட்டு வைத்திருப்பார்கள்.

அப்பா முன்வரிசையில் உட்காருவார். எழுந்து போக முடியாது, கௌரவம் விடாது. எங்கள் நாலு பாட்டையும் முழுசாகக் கேட்டே ஆக வேண்டும். ஒரு மாதம் எனக்குத் தூக்கம் சரியில்லை.

பூஜை அன்று காலையில் பேஸ்காரனை அழைத்துவரப் பவானிபூர் போனேன். அவனிடம் வண்டி இல்லை, பேஸ் கிடாரை மெட்ரோவில் கொண்டுவரப் பயப்படுவான். ஆட்டோ பிடித்துத் திரும்பி வந்து என் அறைக்குள் நுழைந்தால் பெடல் பலகையைக் காணவில்லை. ஆம்ப் இருக்கிறது, கிடார் இருக்கிறது. தரையில் பலகை இருந்த இடத்தில் தூசு மட்டும் நீளச் சதுரமாகத் தெரிந்தது.

அப்பா குளித்து, பட்டு வேஷ்டி கட்டி, பால்கனியில் இலந்தைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காலைப் பூஜை முடியும்வரை அந்தப் பழத்தை வாயில் வைக்க மாட்டார், இதிலும் அவர் பெங்காலி.

"அப்பா, என் பெட்டிகள் எங்கே?"

"பூஜைல வெச்சிருக்கேன்" என்றார் சாதாரணமாக. "வாட்ச்மேனைத் தூக்கிண்டு வரச் சொன்னேன். என்னாலே தூக்க முடியலை."

சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களையும் வாத்தியங்களையும் தேவி காலடியில் வைப்பது இந்த ஊர் வழக்கம். எங்கள் ஊர் வழக்கமும் அதுதான், மாதம்தான் வேறு. என் பள்ளிக்கூட நாளில் எனக்குக் கணக்கு வராது என்று அப்பா ஒவ்வொரு வருஷமும் என் கணக்குப் புத்தகத்தை எடுத்துப்போய் அங்கே வைப்பார். வைத்ததை அன்று முழுக்கத் தொடக்கூடாது. மறுநாள் காலையில் பூஜை முடிந்துதான் எடுக்க வேண்டும். அன்றைக்கு ஒரு எழுத்துக்கூடப் படிக்கக்கூடாது என்பதால் குழந்தைகளுக்கு இந்தப் பண்டிகை மேல் தனிப் பிரியம்.

எனக்கு ஒரே நேரத்தில் இரண்டு விஷயம் தோன்றியது. முதலாவது, சாயங்காலம் நாலரை மணிக்கு நான் எதை வைத்துக்கொண்டு வாசிப்பேன் என்கிற பீதி. இரண்டாவது, இவர் என் பெட்டிகளை வாத்தியம் என்று ஒப்புக்கொண்டுவிட்டாரே என்கிற சந்தோஷம். வீணைக்குச் செய்யும் மரியாதையை என் டிஸ்டார்ஷனுக்குச் செய்திருக்கிறார். அதனால் அவரைத் திட்ட வாய் வரவில்லை.

பந்தலுக்கு ஓடினேன். மஞ்சள் புடவைக் கூட்டத்துக்கு நடுவே தேவி உட்கார்ந்திருந்தாள். காலடியில் ஒரு தபலா, யாரோ ஒரு பையனின் இயற்பியல் புத்தகம், ஒரு ஸ்கெட்ச் பேனா டப்பா, அதற்குப் பக்கத்தில் என் ஆறு பெட்டிகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு சாமந்திப்பூ. குங்குமம் வைத்தவர் எங்கே வைப்பது என்று தெரியாமல் குமிழ்களின் மேல் வைத்திருந்தார். நாய்ஸ் கேட்டின் சுவிட்சுக்குள் கங்கா ஜலம் இறங்கிக்கொண்டிருந்தது.

செக்ரட்டரியிடம் கெஞ்சினேன். அவள் வங்காளத்தில், வகுப்பில் பேசுகிற அதே குரலில் சொன்னாள். "கால் ஷொகாலே." நாளைக் காலையில்தான்.

"ஆனா சாயங்காலம் நிகழ்ச்சிக்கு வேணுமே. ஆர்மோனியத்தை மட்டும் வெளியில வெச்சிருக்கீங்களே?"

"ஆர்மோனியத்தை யாரும் பூஜையில வைக்கலை. அந்தப் பொண்ணோட அம்மா விவரமானவ."

"இது வாத்தியமே இல்லைங்க. வெறும் கரண்ட் பெட்டி" என்றேன். மூன்று வருஷ நம்பிக்கையை ஒரு நொடியில் விற்றுவிட்டேன், எனக்கே கூச்சமாக இருந்தது.

"வாத்தியம் இல்லைன்னா தேவி காலடியில ஏன் வெச்சீங்க?" என்று கேட்டாள். "மா ராக் கோர்பேன்" என்று முடித்தாள். அம்மா கோபித்துக்கொள்வாள். அந்த அம்மாவைவிட இந்த டீச்சருக்குத்தான் நான் பயந்தேன்.

பேஸ்காரன் மட்டும் கவலைப்படவில்லை. "விடுங்கக்கா. ஆம்ப்புலயே கரகரப்புக்குன்னு கெயின்னு ஒரு குமிழ் இருக்குதுங்க. அதைப் பாதி வெச்சு, கிடாரை நேரா சொருகிருங்க" என்றான். அவன் முகத்தில் ஒரு மகிழ்ச்சி தெரிந்தது. அடுத்த வருஷப் பூஜைக்கு இவனையே தேவி காலடியில் வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆம்ப்பை நாலு பேர் மேடைக்குத் தூக்கினார்கள். திறந்த வெளி என்பதால் வால்யூமை ஐந்தில் வைக்க முடிந்தது, வாழ்க்கையில் முதல் முறையாக. ஃபோனில் இருந்த ஒரு செயலியை வைத்துச் சுருதி சேர்த்தேன். கவிதை ஒப்பித்தல் முடிந்தது, ஆர்மோனியப் பெண் பாடினாள், நடனம் முடிந்தது. முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பா, மடியில் பிரசாதத் தொன்னை.

முதல் பாட்டைத் தொடங்கினோம். நாலு விநாடிக்குள் டிரம்ஸ்காரர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மூன்று வருஷமாக அறையில் இருந்த ஒருவர் திடீரென்று பேசினால் எப்படிப் பார்ப்போமோ அப்படி. அவருக்கு என் வாசிப்பு கேட்கிறது. எனக்கும் கேட்டது. அது அவ்வளவு நல்ல அனுபவம் இல்லை. பெட்டிகள் மூடி வைத்திருந்த தப்புகள் எல்லாம் வெளியே வந்தன. விரல் தடுக்கினது கேட்டது, தாளத்துக்கு முந்தினது கேட்டது, இரண்டாம் பாட்டில் ஒரு ஸ்வரத்தை முழுசாகவே விட்டது மூன்றாம் மாடி மாஷிமாவுக்குக்கூடக் கேட்டிருக்கும். ஓடிவிடலாமா என்று இருந்தது.

அப்போது அப்பாவைப் பார்த்தேன். அவர் கை வலது காதுக்குப் போனது. மெஷினைக் கழற்றப் போகிறார், இத்தனை பேர் முன்னால் கழற்றப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கழற்றவில்லை. இன்னும் நன்றாக அழுத்தி வைத்துக்கொண்டார். நாலாவது பாட்டு முடியும்வரை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். தொன்னையில் இருந்த கிச்சடி ஆறிப்போய்விட்டது.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு நடந்து வந்தோம். நூறு அடிதான். என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர் பாதி வழியில் நின்று, "இன்னிக்கு வேலை செஞ்சுது பாத்தியா" என்றார்.

"எது?"

"உன் மெஷின்தான். அம்பாள் காலடியில வெச்சேனோல்லியோ."

"அப்பா, அது எல்லாம் அங்கேயேதான் இருக்கு. அது இல்லாமதான் வாசிச்சேன்."

"அதானே பாத்தேன்" என்றார். அப்புறம், இனிமேல் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தவர் மாதிரி பேச ஆரம்பித்தார். "மூணு வருஷமா பாத்துண்டிருக்கேன். நீ உக்காருவே, ஸ்விட்சைப் போடுவே, கர்னு ஒரு சத்தம் வரும். உடனே நின்னுடும். நீ பாட்டுக்கு விடாம கையை ஆட்டிண்டே இருப்பே. அப்புறம் புதுசா ஒரு பெட்டி வாங்கிண்டு வருவே. அதுவும் நின்னுடும். அவ்வளவு ஆசையா வாங்கினவளைப் போய், வேலை செய்யலையான்னு எப்படிக் கேக்கறது? நீயா ஒரு நாள் சொல்லுவேன்னு இருந்தேன். நீ வாயைத் திறக்கலை. அதான் இன்னிக்கு எடுத்துண்டு போய் வெச்சேன். எது வரலையோ அதைத்தானே வைக்கணும்."

பவானிபூர் கிளினிக்கின் டேபிள் ஃபேன் என் கண் முன்னால் சுழன்றது. ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே மாதிரி வரும் சத்தம். ஆறு பெட்டி வைத்து மூன்று வருஷம் பாடுபட்டு நான் உருவாக்கியது அதைத்தான். ஃபேன், ஏசி, பம்ப் செட் என்ற வரிசையில் அந்த மெஷின் என்னையும் சேர்த்து இரண்டு விநாடியில் அமுக்கிவிட்டிருக்கிறது. வாசலில் நின்று அவர் தலையை ஆட்டியது ரசனை இல்லை. பாவம், பெண் ஏமாந்துவிட்டாளே என்று ஆட்டியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"சரி, இன்னிக்குக் கேட்டேளே. எப்படி இருந்தது?" என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

அப்பா நியாயமான மனிதர், அவசரப்படாமல் யோசித்துத்தான் பதில் சொன்னார். "மூணாவதுல, நடுவுல, கொஞ்சம் பாட்டு இருந்தது."

"மத்ததெல்லாம்?"

"மத்ததெல்லாம் கிரைண்டர்தான்."

மறுநாள் காலையில் பூஜை முடிந்து பலகையை எடுத்து வந்தேன். குமிழ்களில் இருந்த குங்குமத்தைப் பழைய டூத் பிரஷ்ஷால் துடைத்தேன். கங்கா ஜலம் காய்ந்துவிட்டிருந்தது. ஒவ்வொன்றாகக் கேபிள்களைச் சொருகி, சுவிட்சுகளைப் போட்டேன். ஆறு விளக்கும் எரிந்தன. ஆறும் நன்றாகவே வேலை செய்தன, எப்போதும் போல. மூன்றாவது பாட்டைத் தொடங்கினேன். கோயில் கதவு திறந்தது.

இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அப்பா வாசலில் வந்து நின்றார். என் விரல்களைப் பார்த்தார், எரிகிற ஆறு விளக்குகளைப் பார்த்தார். அவர் முகம் வாடிப்போயிற்று.

"மறுபடியும் நின்னுடுத்தா?" என்று கேட்டார்.

நிற்கவில்லை அப்பா, உங்கள் காதில் இருக்கும் மெஷின்தான் அமுக்குகிறது, கிளினிக்கில் சொன்னால் மாற்றி வைப்பார்கள் என்று சொல்லியிருக்கலாம். "ஆமாம்ப்பா, நின்னுடுத்து" என்றேன். அவர் "பரவாயில்லை, போ" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

கிடாரின் கேபிளைப் பலகையிலிருந்து உருவி நேராக ஆம்ப்பில் சொருகினேன். வால்யூம் ஒன்று, கெயின் பாதி. மூன்றாவது பாட்டை முதலிலிருந்து, மெதுவாக, தப்புகளோடு வாசித்தேன். அடுத்த அறையில் பேப்பர் மடிக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் அது நின்றது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், நடுவில் அந்தப் பாட்டு வரும் இடத்தைத் தாண்டி, நாலாவது நிமிஷம் ஆயிற்று.

"போறும்டி, கிரைண்டரை நிறுத்து."

நிறுத்தினேன். அந்தக் குரலைக் கேட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது.